கறை போகத் துவைத்தவள்

அத்தியாயம் 11

பெரியவள் அன்று காலை கைக்கட்டுத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைத்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. கல்லில் போட்டு அறைந்தாள் என்பதுதான் சரி. அவளுடைய சிவப்புத் துணிகளுக்கு ஒரு அறை விழுந்தால், தங்கையின் வெள்ளைத் துணிகளுக்கு மூன்று விழுந்தது.

காரணம் தெரிந்ததுதான். போன வாரம் எடை மெஷின் செய்த கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பாக்சிங் கிளப்பின் மூலையில் துருப்பிடித்து நிற்கும் அந்த மெஷினில் முதலில் அக்கா ஏறினாள், பிறகு தங்கை வாலு ஏறினாள். முள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் போய் நின்றது. நேற்றுவரை ஒரு எடைப் பிரிவு கீழே இருந்தவள், கிடைத்ததையெல்லாம் தின்று வளர்ந்து, அக்காவின் எடைக்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

வரப்போகிற போட்டிக்கு ஒரு எடைப் பிரிவுக்கு ஒருத்தியைத்தான் கிளப் அனுப்பும்.

"சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் ரிங்ல ஏறுங்க. ஜெயிக்கிறவ போகட்டும்" என்று விசில் மாஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் வாயில் எப்போதும் விசில் இருக்கும். பேசும்போதும் எடுக்க மாட்டார். அதனால் அந்தத் தீர்ப்புகூட பாதி ஊதலாகத்தான் வந்தது.

வாலுவுக்கு என்ன, இன்னும் காலம் இருக்கிறது. பெரியவளுக்கு இளையோர் பிரிவில் இதுதான் கடைசி வருஷம். இதை விட்டால் வயது தாண்டிவிடும்.

போன வருஷமும் அவள் போயிருக்க வேண்டியவள்தான். மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்திருந்தாள். அப்பாதான் நேராக மாஸ்டரிடம் போய்ச் சொன்னார். கிளப் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறதே, 'காயத்தை மறைப்பவரும் மறைக்க உதவுபவரும் வெளியே' என்று, அந்த விதியை விரலால் காட்டிச் சொன்னார். அப்பாவே வந்து சொன்னதால் கிளப்பைவிட்டு நீக்காமல், பெரியவளை உட்கார வைத்துவிட்டு வேறொருத்தியை அனுப்பினார்கள்.

அதிலிருந்து அவள் அப்பாவைக் கூப்பிடுவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

ஆனாலும் பிராக்டீஸுக்கு முன்னால் கையை மட்டும் அவரிடம் நீட்டுவாள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் அறையில் வேலை. கிளவுசுக்குள் விரலும் மணிக்கட்டும் மடங்கிப் போகாமல் இருக்கச் சுற்றும் அந்த நீளத் துணியை அவரைப் போல யாராலும் சுற்ற முடியாது. சுற்றி முடித்ததும் விரல் முட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவார். பேச்சில்லாத அந்த வீட்டில் அவர் மகளின் கையைப் பிடிக்கிற நேரம் அது ஒன்றுதான். பெரியவள் அதை வெளியே சொல்ல மாட்டாள். வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் மாட்டாள்.

கொஞ்ச நாளாக அதற்கும் பங்கு வந்துவிட்டது. சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் வாலுவும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். குசுகுசுவென்று பேச்சு. நடுவில் வாலுவின் சிரிப்பு. பெரியவள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கதவுப் பக்கம் போனால் உள்ளே சத்தம் நின்றுவிடும்.

'ஏதோ புது வித்தை சொல்லித் தருகிறார். செல்லப் பெண்ணாயிற்றே' என்று அவளாக முடிவு கட்டியிருந்தாள். வயிறு எரிய அது போதாதா?

வெள்ளைத் துணியை நாலாவது முறை அறையும்போதுதான் அந்தக் கறை கண்ணில் பட்டது.

மஞ்சளும் பழுப்புமாக, உள்ளங்கை அகலத்துக்கு. பெரியவள் மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பையும் மீறி அந்த வாசனை வந்தது. அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வீடு முழுக்க அடிக்கிற வாசனை. வீக்கத்துக்குப் போடும் ஆஸ்பத்திரிக் களிம்பு.

இன்னொரு வெள்ளைத் துணியை எடுத்துப் பார்த்தாள். அதில் கறை இல்லை. கறை படிந்ததன் நுனியில் பேனாவால் ஒரு பூனை மூஞ்சி வரைந்திருந்தது. இடது கைத் துணிக்கு வாலு வைக்கிற அடையாளம். கறை இருந்தது கட்டைவிரலைச் சுற்றி வருகிற இடத்தில்.

வாலுவின் இடது கட்டைவிரலுக்கு அடிபட்டிருக்கிறது.

புரிந்ததும் பெரியவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அக்காவாகப் பிறந்தவளுக்கு முதலில் பதற்றம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. உச்சந்தலை குளிர்ந்தது என்பதுதான் உண்மை. வாலுவின் ஆட்டமே இடது கைதான். அந்தக் கை மின்னல் மாதிரி நீண்டு எதிராளியின் மூக்கைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். அது இல்லாத வாலு வாலறுந்த வாலு.

அந்தச் சந்தோஷம் துணியைப் பிழிவதற்குள் புளித்துப்போனது.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு களிம்பு தடவி, கட்டி, மறைத்திருக்கிறார். தன்னுடைய மணிக்கட்டுக்குச் சுவரில் இருந்த விதி, வாலுவின் விரலுக்கு மட்டும் அழிந்துபோய்விட்டதா?

பெரியவள் துணியை மறுபடி வாளியில் முக்கினாள். சோப்பை அழுத்தித் தேய்த்தாள். கறையும் வாசனையும் போகிறவரை கசக்கினாள். இந்தக் கறையை மாஸ்டர் பார்த்தால், சின்னப் பெண் என்று இரக்கப்பட்டுப் பந்தயத்தைத் தள்ளி வைத்துவிடுவார். விரல் ஆறிய பிறகு நடத்துவார். ஆறிய விரலோடு வருகிற வாலுவைத் தன்னால் ஜெயிக்க முடியுமா என்பது பெரியவளுக்குத் தெரியாது. தெரியாது என்ன, முடியாது என்றே பயந்தாள்.

அதனால்தான் இரண்டாம் முறை துவைத்தாள். வேறு எந்த நல்ல எண்ணமும் அவளுக்கு அப்போது இல்லை.

*

"என்னடி, அந்தத் துணிய இன்னிக்கே கிழிச்சிட்டுத்தான் விடுவியா?"

அம்மா வாசலில் நின்றாள். தையல் கம்பெனியில் பனியன்களுக்குக் கழுத்து வைத்துத் தைக்கிற கை இடுப்பில் இருந்தது.

"அழுக்கு போகலம்மா."

"போகும் போகும். ரெண்டு பேரும் சாயங்காலம் மூஞ்சிய பேத்துக்கிட்டு வரப்போறீங்க. துணி மட்டும் பளிச்சுன்னு இருக்கட்டும்."

"நீ வரலையா?"

"நான் எதுக்கு? ஒருத்தி அடிச்சா இன்னொருத்தி வாங்குவா. நான் யாருக்குக் கை தட்டறது? வீட்டுலயே உக்காந்து ரெண்டு பேருக்கும் ஐஸ் எடுத்து வெக்கிறேன்."

வாலு வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே வந்தாள். அவள் எந்த நேரமும் எதையாவது தின்றுகொண்டுதான் வருவாள். எடையைக் கட்டுக்குள் வைக்கப் பெரியவள் கணக்குப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிற வீட்டில், இவள் மட்டும் வஞ்சனையில்லாமல் தின்பதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, என்னோடதையும் துவைச்சிட்டியா? ஐயோ, இன்னிக்கு என் முறைன்னுல்ல நெனச்சேன்!"

அந்த 'ஐயோ' கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பெரியவள் தலை நிமிராமல், "இந்த வாளிய அப்படி ஓரமா வை" என்றாள்.

வாலு பழத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றவில்லை. மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டு, வலது கையாலேயே வாளியைத் தூக்கினாள். இடது கை பாவாடை மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

பெரியவள் அதைப் பார்த்தாள். கொடியில் நாலு துணிகளையும் இழுத்துக் காயப்போட்டாள். வாலு கொடியருகே வந்து வெள்ளைத் துணியின் நுனியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

*

சாயங்காலம் கிளப்பில் கூட்டம். பழைய லாரி ஷெட் அது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு ரிங், ஒட்டுப்போட்ட நாலு குத்துப் பைகள், வியர்வை நாற்றம். தீர்ப்புச் சொல்லப் பக்கத்துக் கிளப்பிலிருந்து மூன்று பேர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தங்கை அடித்துக்கொள்வதை ஓசியில் பார்க்கக் கசக்குமா? அன்றைக்கு வர வேண்டாதவர்களும் வந்திருந்தார்கள்.

அப்பா சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து முதலில் வாலுவைக் கூப்பிட்டார்.

எப்போதும் பெரியவளுக்குத்தான் முதலில் கட்டுவார். வயதில் மூத்தவள், கிளப்புக்கு முதலில் வந்தவள். இன்று ஒரு வார்த்தை கேட்காமல் வரிசையை மாற்றிவிட்டார்.

வாலுவின் வலது கையை மளமளவென்று சுற்றி முடித்தார். இடது கைக்கு வந்ததும் அவர் விரல்கள் மெதுவாயின. கட்டைவிரலைத் தனியாக ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று, பச்சைக் குழந்தையைத் துணியில் சுருட்டுவதுபோல. கடைசியில் முட்டியில் தட்டவில்லை. லேசாகத் தடவிவிட்டார்.

அந்தத் தடவலைத்தான் பெரியவளால் பொறுக்க முடியவில்லை.

வாலு எழுந்து ஸ்கிப்பிங் கயிற்றை எடுக்கப் போனாள். அப்பா சிவப்புத் துணியைப் பிரித்தபடி, "வா பெரியவளே" என்றார்.

"வேணாம். நானே கட்டிக்கறேன்."

"இடது கையால வலது கைக்குச் சுத்த வருமா உனக்கு?"

"கத்துக்க வேண்டியதுதான். உங்களுக்குத்தான் ராத்திரியில வேலை ஜாஸ்தியாச்சே."

அப்பாவின் கை அப்படியே நின்றது.

"துணி துவைச்சது நான்" என்றாள் பெரியவள். குரல் எழும்பவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். "இடது கட்டைவிரல். எப்போ பட்டுது?"

"போன வாரம். எடை பார்த்ததுக்கு மறுநாள். எலும்பு உடையல, சுளுக்குதான். நான் பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு?"

அப்பா சிவப்புத் துணியின் நுனியைத் தேடினார்.

"போன வருஷம் என் மணிக்கட்டு வீங்கினப்போ அந்தச் சுவரைக் காட்டி மாஸ்டர்கிட்ட சொன்னது யாரு?"

"நான்தான்."

"என்னோடது மட்டும் கை. அவளோடது பூவா?"

அப்பா சிவப்புத் துணியை மறுபடி சுருட்டத் தொடங்கினார். சுருட்டிச் சுருட்டி முடித்த பிறகும் விரல்கள் நிற்கவில்லை.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்புன்னு இப்பவும் நினைக்கல" என்றார். "ஆனா அதுக்கப்புறம் நீ என்னை அப்பான்னு கூப்பிடவே இல்ல. தட்டை வெச்சா சாப்பிடறே, துணிய எடுத்தா கையை நீட்டறே. வீட்டுக்குள்ள வாடகைக்கு இருக்கிறவ மாதிரி நடமாடறே. வாலு வந்து 'சொல்லாதீங்கப்பா'ன்னு அழுதா. சொன்னா இவளும் உன்னை மாதிரி வாயை மூடிக்குவாளோன்னு பயந்துட்டேன். ஒரு பொண்ணு பேசாம இருக்கறதையே என்னால தாங்க முடியலம்மா."

பெரியவளுக்கு முகத்தில் சூடாக எதையோ கொட்டியது போலிருந்தது. ஆக, தங்கைக்குக் கிடைத்த செல்லம்கூடத் தன் கோபத்தில் விளைந்ததுதானா? அதற்காகவாவது மனம் இளகியிருக்கலாம். பொறாமை அப்படி லேசில் இடம் கொடுக்காது. 'அழுதால் காரியம் ஆகும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது' என்றுதான் தோன்றியது.

"ஃபீப்!"

விசில் மாஸ்டர் வந்து நின்றார். "என்ன அப்பாவும் பொண்ணும் மாநாடு? கட்டியாச்சா? ரெண்டு பேரும் உடம்பு சரியா இருக்கீங்களா? சொல்றதுன்னா இப்பவே சொல்லிடணும்."

ஒரு வார்த்தை போதும். 'வாலுவின் விரலைப் பாருங்கள்' என்றால் தீர்ந்தது. வாலு வெளியே, இடம் இவளுக்கு. ஆனால் அப்பாவும் வெளியே. தவிர, சண்டை போடாமலே கிடைத்த இடம் என்று ஊர் சொல்லும். இல்லாவிட்டால் மாஸ்டர் இரக்கப்பட்டு தேதியைத் தள்ளிவைப்பார். பெரியவளுக்கு இன்றைக்கே, இந்த ரிங்கிலேயே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஜெயிக்க வேண்டும்.

"எல்லாம் சரியா இருக்கு மாஸ்டர்" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியவள் அவர் கையிலிருந்த சிவப்புத் துணியை வாங்கித் தானே சுற்றிக்கொண்டாள்.

*

முதல் ரவுண்டில் பெரியவளுக்கு விழுந்தது அடியல்ல, அவமானம்.

வாலு ரிங்கில் மாறி நின்றாள். எப்போதும் இடது காலை முன்னால் வைத்து நிற்பவள், இன்று வலது காலை முன்னால் வைத்தாள். இடது கையைத் தன் கன்னத்தோடு ஒட்டிக் கேடயமாக வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டி நீட்டிக் குத்தினாள். இதுவரை பெரியவள் பார்த்தறியாத கோணத்திலிருந்தெல்லாம் குத்து வந்தது. தவிர்ப்பதா, தடுப்பதா என்று யோசிப்பதற்குள் நெற்றியில் இரண்டு விழுந்தது.

வெளியே கைதட்டல். "அட, ரெண்டு பக்கமும் நிப்பா போலிருக்கே இவ!" என்று தீர்ப்புச் சொல்ல வந்தவர்களில் ஒருவரே வாய்விட்டுச் சொன்னார்.

மணி அடித்ததும் பெரியவள் மூலையில் போய் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ஒற்றைக் கையால் தன்னை இப்படி ஆட்டி வைக்கிறாளே! தான் ஆறு மாசம் பாடுபட்டாலும் வராததை இவள் ஒரே வாரத்தில், அதுவும் அடிபட்ட விரலோடு, விளையாட்டாகக் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறாள். தங்கை தன்னைவிடக் கெட்டிக்காரி என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். இன்று ஊருக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டாம் ரவுண்டில் அவள் வாலுவின் முகத்தைக் குறி பார்க்கவில்லை.

கன்னத்தோடு ஒட்டியிருந்த அந்த இடது கிளவுசைக் குறி பார்த்தாள். வலது கையால் நேராக அதன்மேலேயே குத்தினாள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, தங்கை தடுத்துவிட்டாள், நல்ல தடுப்பு என்று தோன்றியிருக்கும். வாலுவின் கண் சுருங்கியதைப் பெரியவள் மட்டும் பார்த்தாள். மறுபடி குத்தினாள். வாலு உதட்டைக் கடித்தாள். மறுபடி.

கயிற்றுக்கு வெளியே ஐஸ் டப்பாவோடு நின்ற அப்பா ஒவ்வொரு குத்துக்கும் தன் இடது கையைத் தானே பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் ரவுண்டில் வாலுவால் அந்தக் கையை உயரே வைத்திருக்க முடியவில்லை. மெல்ல மெல்ல மார்புவரை இறங்கியது. திறந்த கன்னத்தில் பெரியவளின் குத்துகள் சுத்தமாக விழுந்தன. ஒரு சத்தம்கூட வாலுவின் வாயிலிருந்து வரவில்லை. ஒருமுறை மட்டும் அக்காவை நேராகப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. அதுதான் பெரியவளுக்குப் புரியவில்லை.

மூன்று பேரில் இரண்டு பேர் பெரியவளுக்குச் சொன்னார்கள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்து உயர்த்தினார்.

கடைசியில் கிடைத்துவிட்டது. வருஷம் முழுக்கக் காத்திருந்த இடம். பெரியவள் கூட்டத்தைப் பார்த்தாள். சந்தோஷம் வருகிறதா என்று உள்ளே தேடினாள். எங்கோ இருக்கும், மூச்சு அடங்கினால் வரும் என்று நினைத்தாள்.

வாலு வந்து கட்டிக்கொண்டாள். வியர்வையில் இரண்டு கன்னமும் ஒட்டிக்கொண்டன. காதருகே அவள் மூச்சு சூடாக இருந்தது.

"தேங்க்ஸ்க்கா."

"எதுக்கு?"

"உனக்குத் தெரியும்னு எனக்குக் காலையிலேயே தெரியும். கொடியில பார்த்தேன், கறையே இல்ல. வாசனைகூட இல்ல. மாஸ்டர் கண்ணுல பட்டா என்னை வெளிய தள்ளிடுவார்னுதானே அவ்வளவு நேரம் துவைச்சே? நீ காட்டிக் குடுத்துடுவேன்னு நான்தான் பயந்து செத்தேன். நீ என்னடான்னா எனக்காக..."

அதற்குமேல் வாலுவுக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியவளின் ஒரு கை இன்னும் மாஸ்டரின் பிடியில் மேலே இருந்தது. அதை இறக்கினால் போதும் என்று இருந்தது அவளுக்கு. மாஸ்டர் இறக்கவிடவில்லை. கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா ரிங்குக்குள் ஏறி வந்து வாலுவின் இடது கிளவுசை மெதுவாகக் கழற்றினார். மெதுவாகத்தான் கழற்றினார், ஆனாலும் வாலு "அம்மா!" என்று கத்திவிட்டாள். துணியை அவிழ்த்ததும் கட்டைவிரல் தெரிந்தது. ஊதிப்போய், அடிப்பாகம் கருநீலமாக.

மாஸ்டர் பெரியவளின் கையை விட்டார். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் விசிலை எடுத்து அந்தக் கிளப்பில் யாரும் பார்த்ததில்லை. ஷெட் அடங்கிப்போனது.

"இது இன்னிக்குப் பட்ட அடி இல்ல" என்றார். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மாஸ்டர்" என்றாள் வாலு அவசரமாக. "நான்தான் மறைச்சேன். நான் மட்டும்தான்."

அப்பா நிமிர்ந்தார். சுவரில் இருந்த சிவப்பு எழுத்துகளை ஒருமுறை பார்த்தார். "மாஸ்டர், நான் ஒரு விஷயம்..."

"அப்பா, நீங்க சும்மா இருங்க."

அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது பெரியவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. அப்பா சொல்ல வந்ததை மறந்துவிட்டு அவளையே பார்த்தார்.

"எனக்கும் தெரியும் மாஸ்டர்" என்றாள் பெரியவள். "துணியில களிம்புக் கறை இருந்துது. நீங்க பார்க்கக் கூடாதுன்னு நான்தான் துவைச்சு எடுத்தேன்."

வாலு கண்ணீரோடு சிரித்தாள். அக்காவின் தோளை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரியவளிடம் வந்து நின்றார்.

"நீ எதுக்கு மறைச்சே?"

வாலு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் ஏற்கெனவே தெரிந்தவள் போல.